மூன்றரை மணி நேரத் தூரம், நாலேகால் மணி நேர டிக்கெட்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, சுமத்ராவின் வடமுனையை ஒட்டி, மலாக்கா நீரிணைப் பக்கமாக இறங்கும் கோடு அது. ஜெட் விமானம் மணிக்கு 850 கி.மீ. பறக்கும் என்று வைத்து வகுத்தால் மூன்று மணி 25 நிமிடம் வருகிறது. டிக்கெட்டிலோ நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இங்கேதான் இடிக்கிறது.

டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம், விமானம் மேலெழும் நேரம் அல்ல. டிராக்டர் மாதிரி ஒரு வண்டி மூக்குச் சக்கரத்தைப் பிடித்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் அப்படித்தான்: சாங்கியில் தரை தொட்டு, ஊர்ந்து வந்து நின்று, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கும் நேரம். நடுவே ஓடுபாதைக்கு முன் வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்கும்வரை சுற்றுவது எல்லாம் இதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 850 கிடைக்காது. தாமதத்துக்கென்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்கின்றன. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம் என்று அறிவிப்பு வந்தால் விமானி விரட்டி ஓட்டினார் என்று அர்த்தமில்லை.

காற்றுதான் சுவாரசியமான சங்கதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. கிழக்கே சிங்கப்பூருக்குப் போகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும் என்றுதான் தோன்றும். ஆனால் விமானம் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்தில் அந்த மாதங்களில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் விவரித்த கீழைத் தாரைக்காற்று இது. தென்னிந்தியாவின் தலைக்கு மேலேயே போகிறது. எதிர்க்காற்று மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போக மூன்றேமுக்கால் மணி, அதே காற்றில் திரும்பி வர மூன்று மணியும் சில நிமிடங்களும். தூரம் ஒன்றுதான்.

கடைசியாகக் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 1981 வரை வித்தியாசம் இரண்டு மணிதான். மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது 1982 பிறப்போடு சிங்கப்பூரும் தள்ளிக்கொண்டது. ஆகவே இங்கே இரவு 11 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், அங்கே காலை 5.45. தூக்கம் போனது போனதுதான். திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பினால் மீனம்பாக்கத்தில் மணி 9.45. ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டேன் என்று வீட்டில் அளக்கலாம், பெட்டி வருவதற்குக் காத்திருந்ததைச் சொல்லாமல் விட்டால்.