வீட்டில் மரக் கடைசல் இயந்திரம் நிறுவுவோர் அறிய வேண்டியவை

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் களிமண்ணையும் சூளையையும் நன்கு அறிந்த ஊர். இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகள், பொம்மைகள், மின் ஃபியூஸ் கட்டைகள் எனப் பல பொருள்கள் உருவாகின்றன. அருகிலுள்ள பண்ருட்டியின் பலா மரம் மிருதங்கக் கட்டைகளுக்குப் பெயர் பெற்றது. மண்ணிலும் மரத்திலும் கைப்பழக்கம் உள்ள இப்பகுதியில், ஓய்வு நேரத் தொழிலாகவோ பணி ஓய்வுக்குப் பின்னரோ வீட்டிலேயே ஒரு சிறிய மரக் கடைசல் இயந்திரத்தை நிறுவ விரும்புவோர் உண்டு. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்பட்டது.

தொழிற்கூடத்திற்கு ஆய்வாளர் வருவார். வீட்டுப் பட்டறைக்கு எவரும் வருவதில்லை. அங்கே தொழிலாளியும் முதலாளியும் ஆய்வாளரும் நீங்களே. மேலும், பட்டறையின் தூசியை உங்களோடு சேர்ந்து வீட்டிலுள்ள குழந்தைகளும் முதியோரும் சுவாசிக்கின்றனர். ஆகவே, இயந்திரத்தை வாங்குவதற்கு முன்பே சிலவற்றைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உங்கள் நுரையீரல்

பீங்கான் தொழிலில் பயன்படும் களிமண், குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றின் உலர்ந்த தூளில் படிகச் சிலிக்கா கலந்திருக்கும். இதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கி, அங்கே தழும்புகளை உண்டாக்குகின்றன. இதுவே சிலிகோசிஸ் எனப்படும் நோய். பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியில் பணிபுரிந்த பின்னரே இதன் அறிகுறிகள் தெரியும். உண்டான தழும்பை மருந்தால் நீக்க இயலாது. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

நீங்கள் பல ஆண்டுகள் பீங்கான் கூடத்தில் பணிபுரிந்தவர் என்றால், மரத்தூசியை உங்கள் நுரையீரல் மீது ஏற்றுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தீர்கள் என்பதைத் தவறாமல் கூறுங்கள். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம்; அது அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

மரத்தூசி தீங்கற்றதன்று

மரம் இயற்கைப் பொருள் என்பதால் அதன் தூசி தீங்கு செய்யாது என்று எண்ணுவது தவறு. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 1995-இல் சேர்த்தது. படிகச் சிலிக்காவும் அதே வகுப்பில் உள்ளது. மரத்தூசியால் ஏற்படும் புற்றுநோய் பெரும்பாலும் மூக்கிலும் அதனை ஒட்டிய எலும்பறைகளிலும் தோன்றுகிறது. பல ஆண்டுகள் மிகுந்த தூசியில் பணிபுரிவோரிடமே இது காணப்படுகிறது. எனவே அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. ஒரு பக்க மூக்கு மட்டும் தொடர்ந்து அடைத்திருந்தாலோ, அடிக்கடி இரத்தம் கசிந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுங்கள்.

ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் இதனினும் பரவலானவை. ஈட்டி, தேக்கு ஆகிய மரங்களின் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். வேலை செய்யும் நாள்களில் இரவில் இருமலும் இளைப்பும் வந்து, வேலையில்லாத நாள்களில் அவை குறைந்தால் காரணம் பட்டறையில் இருக்கலாம் என்று ஐயுறுங்கள்.

இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண், கதவு, கைப்பிடிச் சட்டம் ஆகியவற்றைக் கடைவதில் தனி எச்சரிக்கை தேவை. அவற்றினுள் ஆணி மறைந்திருக்கலாம். மேற்பூச்சில் காரீயமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் காரீயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காரீயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பெயிண்ட் பூசிய மரத்தை வீட்டில் கடையாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம்.

இடமும் காற்றும்

சமையலறையையோ படுக்கையறையையோ ஒட்டிய இடம் வேண்டாம். தனி அறை இல்லையெனில், மூன்று பக்கம் திறந்த தாழ்வாரம் மூடிய அறையைவிட மேலானது. மூடிய அறையாயின், ஒரு சுவரில் காற்று வெளியேற்றும் விசிறியும் எதிர்ச்சுவரில் காற்று நுழையும் சாளரமும் இருக்க வேண்டும். இயந்திரம் இவ்விரண்டிற்கும் இடையில், நீங்கள் காற்று வரும் பக்கம் நிற்குமாறு அமைய வேண்டும். கூரை விசிறி தூசியை வெளியேற்றாது. கீழே படிந்ததை மீண்டும் மூக்கிற்குக் கொண்டுவரும்.

கண்ணுக்குத் தெரியும் மரச்சுருள்கள் தரையில் விழுந்துவிடும். தீங்கு செய்வது உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது எழும் நுண்தூசியே. ஆகவே தேய்க்கும் வேளையில் முகக்கவசம் கட்டாயம். துணியும் துண்டும் இதற்குப் போதா; முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 வகைக் கவசம் வேண்டும். தாடி அடர்த்தியாக இருந்தால் கவசம் சரியாகப் பொருந்தாது.

வேலை முடிந்ததும் உலர் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பட்டறை உடையை உதறாமல் தனியே துவையுங்கள். ஆளி விதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றலாம். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

இயந்திரமும் மின்சாரமும்

சுழலும் அச்சு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்குமாறு மேசையை அமையுங்கள். தாழ்வாக இருந்தால் குனிந்து முதுகு வலிக்கும். உயர்வாக இருந்தால் தோள் களைக்கும். மேசை அதிராதவாறு தரையில் பிணைக்கப்பட வேண்டும்.

மூன்று முனை இணைப்பும் முறையான எர்த்தும் இன்றி இயந்திரத்தை இயக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவது உயிர் காக்கும். சுவிட்ச், சுழலும் மரத்தைத் தாண்டாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மின்தடை நம் ஊர்களில் புதிதன்று. மின்சாரம் நின்றவுடன் சுவிட்சை அணைக்க மறந்தால், அது திரும்பும் கணத்தில் இயந்திரம் தானே சுழலத் தொடங்கும். அப்போது உங்கள் கை மரத்தின்மீது இருக்கலாம். மின்சாரம் மீண்டாலும் தானே இயங்காத வகைச் சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள்.

வேகத்திற்குக் கடைசல்காரர்களிடையே ஓர் எளிய கணக்கு உண்டு: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும். எட்டு அங்குலக் கிண்ணத்திற்கு இது 750 முதல் 1125 சுழற்சியாகும். உருண்டையாகாத கரடுமுரடான கட்டைக்கு இதனினும் குறைந்த வேகமே தக்கது. புதியவர்கள் எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். இயக்குவதற்கு முன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, உளி தாங்கியில் இடிக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். சுவிட்சைப் போடும்போது மரத்திற்கு நேர் எதிரே நில்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். வெடிப்புள்ள மரம் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் சிதறும்.

உடையும் உடலும்

துண்டு, துப்பட்டா, தொங்கும் சேலைத் தலைப்பு, லுங்கியின் தளர்ந்த முனை, விரித்த கூந்தல், வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி ஆகிய எதுவும் சுழலும் அச்சருகே கூடாது. கையுறையும் அணியக் கூடாது. கையுறை கையைக் காக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் ஓர் இழை சிக்கினால் கை முழுவதும் இழுக்கப்படும். கண்ணாடி மட்டும் போதாது; முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணியுங்கள். ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேர்ந்தால், அந்த ஓசை செவிக்குத் தீங்கானது, காதடைப்பான் தேவை. உறக்கம் வரவழைக்கும் சளி மருந்து உட்கொண்ட நாளிலும், மது அருந்திய நிலையிலும் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

காயம் நேர்ந்தால்

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். வெட்டுக்காயத்தைத் தூய துணியால் அழுத்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடித்திருங்கள். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்தில் இடாதீர்கள். அவை கிருமியைச் சேர்ப்பதோடு, தையலிடும் மருத்துவரின் பணியையும் கடினமாக்கும்.

விரல் துண்டானால் அதனை எடுத்து, ஈரமான தூய துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு நன்கு மூடுங்கள். அப்பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த மற்றொரு பையில் வையுங்கள். விரல் பனிக்கட்டியை நேரடியாகத் தொடக் கூடாது. தொட்டால் திசு உறைந்து, மீண்டும் பொருத்த இயலாமல் போகும். தாமதமின்றி 108-ஐ அழையுங்கள்.

கண்ணில் சில்லு தைத்தால் தேய்க்கவும் பிடுங்கவும் முயலாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றை ஊற்றாதீர்கள். காகிதக் குவளையால் அழுத்தமின்றி மறைத்து, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோல் கிழிந்த எந்தக் காயத்திற்கும் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது நினைவில் இல்லையெனில் அதனையும் சொல்லுங்கள்.

பட்டறையில் தனியே வேலை செய்வதாயின், வீட்டார் ஒருவருக்கேனும் அந்தச் சுவிட்ச் எங்குள்ளது என்பதையும், 108 என்ற எண்ணையும் சொல்லி வையுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகலாம். நீங்கள் கடையும் பம்பரத்தைச் சுற்றவிருக்கும் பேரக்குழந்தையும் அதே காற்றையே சுவாசிக்கிறது என்பதை நினைவிற்கொண்டு பட்டறையை அமையுங்கள்.