கூடு விட்டுக் கூடு

பிரிட்டிஷ் இந்தியாவில் பட்டாளத்துக்கு மழைக்காலம் ஏறக்குறைய ஓய்வுக்காலம். சேற்றில் வண்டி நகராது, பயிற்சியும் குறைந்துவிடும். தோட்டாப் பெட்டிகளைக் கூரை உள்ள இடமாகப் பார்த்து அடுக்கிவைப்பார்கள். பல நேரம் அந்தக் கூரை குதிரை லாயத்தின் கூரையாக இருக்கும். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால், யாரும் தொடாத தோட்டாக்களில் பல கீறல் விட்டுக் கிடக்கும். பருவமழையோடு வந்த நோய் என்பதால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முடிச்சு அவிழ 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தைச் சொன்னார்கள். பாதிக் குற்றம் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவுடையது. மீதிக் குற்றம் பித்தளைக்குள்ளேயே இருந்தது. ஒரு பித்தளை வில்லையைச் சூடாக்காமல் பல தடவை அச்சுக்குள் தள்ளி இழுத்து நீட்டித்தான் தோட்டாவின் கூட்டைச் செய்கிறார்கள். அப்படி இழுபட்ட உலோகம் அந்த இழுப்பை மறப்பதில்லை. உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டே இருக்கும். அம்மோனியா பட்டதும் அந்த முறுக்கு வாய் திறந்தது. கூட்டை அளவாகச் சூடாக்கி முறுக்கைத் தளர்த்தியதும் நோய் தீர்ந்தது.

பித்தளைக்கு நினைவு உண்டு என்று அந்த லாயங்கள் காட்டிக்கொடுத்தன. அந்த நினைவை இன்று பயன்படுத்திக்கொள்கிறவர்கள் வேட்டைக்காரர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை முடிந்த கதை. ஆனால் அது சட்டப்படி நடக்கும் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில், கடையில் சுலபமாகக் கிடைக்காத பழைய தோட்டாக்களைச் சிலர் தங்கள் மேசையிலேயே கெட்டித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிழைப்பதும் பித்தளையின் இந்த நினைவை நம்பித்தான்.

ரைஃபிள் தோட்டாவில் நான்கே சரக்கு. தட்டினால் பொறி கக்கும் ப்ரைமர், மருந்து, குண்டு, மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கூடு. ப்ரைமர் ஒரு தட்டோடு தீர்ந்தது. மருந்து வாயுவாகப் போய்விடும். குண்டு போன திசை போனதுதான். மிஞ்சுவது கூடு. நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான்.

அதை வெறும் பொட்டலம் என்று நினைத்துவிடக் கூடாது. சுடும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 3,500 மடங்கு. கார் டயரோடு ஒப்பிட்டால் 1,600 மடங்கு. கூட்டின் சுவர் உப்பி, துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கும் வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வராமல் அடைப்பது அந்த ஒட்டல். குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் சுவர் ஒரு மயிரிழை உள்வாங்குகிறது. அந்த மயிரிழை இல்லையென்றால் காலிக்கூடு அறையிலேயே இறுகிக்கொள்ளும். விரிய வேண்டும், கிழியக் கூடாது, திரும்பவும் வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இந்த மூன்றையும் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் செய்து முடித்துவிடுகிறது.

பழைய தோட்டா ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: 7×57 மௌசர். ஜெர்மனியின் பால் மௌசர் 1892-ல் வடிவமைத்தது. குழல் 7 மி.மீ., கூட்டின் நீளம் 57 மி.மீ. அடுத்த ஆண்டே ஸ்பெயின் பட்டாளம் அதை ஏற்றுக்கொண்டது. 1898-ல் கியூபாவின் சான் ஹுவான் குன்றுகளில் அமெரிக்கர்களும், 1899-ல் தொடங்கிய போயர் போரில் பிரிட்டிஷாரும் அதன் எதிரே நின்று பாடம் படித்தார்கள். பிற்பாடு லண்டனின் ரிக்பி நிறுவனம் இதே தோட்டாவுக்கு .275 ரிக்பி என்று பெயர் சூட்டி வேட்டைக்காரர்களுக்கு விற்றது. 7 மி.மீ.தான் அங்குலக் கணக்கில் .275.

ஆனால் இந்தத் தோட்டாவின் குண்டை அளந்தால் 7.2 மி.மீ. இருக்கும். அளவு தவறவில்லை. குழலின் உள்ளே திருகாணிபோல் புரி வெட்டியிருக்கிறது. மேட்டுக்கு மேடு அளந்தால் 7. பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 7.2. குண்டு பெரிய அளவில் இருப்பதால்தான் புரி அதைக் கவ்விச் சுழற்ற முடிகிறது. பழைய மௌசரில் 22 செ.மீ.க்கு ஒரு சுற்று. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். வீட்டு மிக்ஸியைப் போல் சுமார் பத்து மடங்கு. பம்பரம் சாயாமல் நிற்பதற்கு என்ன காரணமோ, குண்டு குப்புறப் புரளாமல் போவதற்கும் அதுவே காரணம். குண்டு நீளமாக ஆக, இன்னும் வேகமாகச் சுற்றினால்தான் நிமிர்ந்து போகும். மௌசரின் நெருக்கமான புரி, ஒல்லியும் நீளமுமான கனத்த குண்டுக்காகவே வெட்டப்பட்டது.

கோணியூசி சாக்கைத் துளைப்பதுபோல அந்த நீள குண்டு ஆழமாக இறங்கும். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் பரிசளித்தது ஒரு .275 ரிக்பி. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார்; பெரும்பாலானவற்றை இந்தத் தோட்டாவால். மற்றவர்கள் தோளை உடைக்கும் பெரிய துப்பாக்கிகளைச் சுமந்த காலம் அது. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர். அந்த எண்ணிக்கையை இன்று பெருமையாகச் சொல்ல வாய் வராது. இடம் தெரிந்தால் பலம் குறைவாக இருந்தாலும் போதும் என்ற கணக்கு மட்டும் மறுக்க முடியாதது.

இவ்வளவு பேர் பெற்ற தோட்டா ஏன் அபூர்வமாயிற்று? 1893-ஆம் ஆண்டு மாதிரி மௌசர் துப்பாக்கிகள் உலகெங்கும் இன்னும் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. அவற்றின் எஃகும் அறையை மூடும் பூட்டும் இன்றைய துப்பாக்கியின் பலம் கொண்டவை அல்ல. வாங்குபவர் எதில் போடுவார் என்று ஆலைக்குத் தெரியாது. அதனால் அமெரிக்கத் தரவிதி இதன் உச்ச அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டில் நிறுத்திவிட்டது. இதே குண்டைச் செலுத்தும் 7மிமீ-08 தோட்டா 1980-ல் வந்தபோது அதற்குத் தந்த வரம்பு 61,000. புதியது பாய்ந்தது, பழையது பின்தங்கியது. உறுதியான புதுத் துப்பாக்கியில் பழைய தோட்டாவை விரும்புகிறவருக்குக் கையால் கெட்டிப்பதே வழி.

அந்த மேசையில் முதல் ஒழுக்கம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். எல்லா மருந்தும் பார்வைக்குக் கரும்பொடிதான். ஆனால் மணியின் வடிவமும் மேற்பூச்சும் எரியும் வேகத்தை நிர்ணயிக்கின்றன. மெதுவாக எரிய வேண்டிய இடத்தில் கைத்துப்பாக்கிக்கான வேக மருந்து விழுந்துவிட்டால் துப்பாக்கியே சிதறும். அடுத்தது எடை. அலகு 'கிரெயின்', அதாவது தானியமணி. சுமார் 65 மில்லிகிராம். நம்மூர்ப் பத்தர்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. தராசில் கிரெயினின் பத்திலொரு பங்கு வரை பார்ப்பார்கள். சோதித்து அச்சிட்ட அளவுப் புத்தகம் சொல்லும் உச்சத்துக்கு வெகு கீழே தொடங்கி, படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் சுட்ட கூட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். ப்ரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ, பூட்டைத் திறக்கக் கை திணறினாலோ அங்கேயே நிறுத்தம். என்ன நடந்தது என்று கூடு சொல்லிவிடுகிறது.

இத்தனை பாடும் எவ்வளவு ஆற்றலுக்கு? 9 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டரில் பறந்தால் சுமார் 3,000 ஜூல். அறுபது கிலோ ஆள் மாடிப்படியில் 5 மீட்டர் ஏறினால் அவ்வளவு ஆயிற்று. காப்பியில் போடும் சர்க்கரையில் ஒரு சிட்டிகை அதைத் தந்துவிடும். குண்டின் கொடுமை ஆற்றலின் அளவில் இல்லை, அது வந்து சேரும் வேகத்தில் இருக்கிறது.

சுட்ட கூடு கொஞ்சம் உப்பியே இருக்கும். மெழுகு தடவி அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். மெழுகு குறைந்தால் அச்சில் சிக்கும். கூடினால் கூட்டின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், குழி விழும். உப்புவதும் ஒடுக்குவதுமாய்ப் பல சுற்று போனால் குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து விறைத்துவிடும். தட்டத் தட்டப் பித்தளை இறுகும், காய்ச்சினால் இளகும் என்பது கும்பகோணத்துக் கன்னாருக்குப் புதிதல்ல. இங்கே ஒரு சிக்கல்: கழுத்து இளக வேண்டும், அடி இளகக் கூடாது, அழுத்தத்தைத் தாங்குவது அடி. பழைய வழக்கப்படி கூடுகளைத் தட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு நிற்கவைத்து, கழுத்தில் மட்டும் தீ நாக்கைக் காட்டுவார்கள். நிறம் மாறியதும் அப்படியே தண்ணீருக்குள் தட்டிவிடுவார்கள். ஒரே உலோகம், ஒரு முனையில் மென்மை, மறுமுனையில் உறுதி.

இளகிய கழுத்து இன்னொரு வாசலையும் திறக்கிறது. 7×57 கூட்டின் கழுத்தைக் கால் அங்குலக் குண்டுக்கு ஏற்றபடி ஒடுக்கினார்கள். நெட் ராபர்ட்ஸ் என்பவர் பெயரால் .257 ராபர்ட்ஸ் பிறந்தது, 1934-ல் ரெமிங்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்னும் ஒடுக்கினார்கள், 1955-ல் .244 ரெமிங்டன் வந்தது. பி. ஓ. அக்லி போன்ற துப்பாக்கிக் கொல்லர்கள் துப்பாக்கியின் அறையைச் சற்றே பெரிதாகக் குடைந்து, பழைய கூட்டை அதில் வைத்துச் சுட்டார்கள். உப்பிய கூடு புது அறையின் உருவத்திலேயே வெளியே வந்தது. சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகக் கதை உண்டு. இங்கே கூடு ஒன்றே. பாய்வது பெயரும் குண்டும்.

எந்தக் கூட்டுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் அடிக்குச் சற்று மேலே சுவர் துளி நீள்கிறது, மெலிகிறது. வெளியே தெரியாது, மிஞ்சினால் பளிச்சென்று ஒரு கோடு. கெட்டிப்பவர் காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்தி, நுனியைச் சற்று வளைத்து, கூட்டின் வாய்வழியே இறக்கி உட்சுவரைத் தடவிக்கொண்டே மேலே இழுக்கிறார். வழுவழுவென்று வந்தால் இன்னொரு சுற்று. நுனி ஒரு பள்ளத்தில் 'டொக்' என்று விழுந்து ஏறினால் அதன் ஆயுள் முடிந்தது. மறந்துபோய் யாரும் எடுத்துக் கெட்டித்துவிடக் கூடாதே என்று, கழுத்தைக் குறடால் நசுக்கிய பிறகே பழைய பித்தளை டப்பாவில் போடுகிறார்.