பழைய பிஸ்டலின் பூர்வீகம்

ஒரு பிஸ்டல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எத்தனை அங்குலக் குழல், என்ன பூச்சு, எந்தக் கைப்பிடியோடு வந்தது என்பதற்கு முதல் சாட்சி அதன் இரும்பேதான். லைசென்ஸ் புத்தகமும் விற்பனை ரசீதும் அதற்கு அடுத்த சாட்சிகள்.

இந்தியாவில் இந்த விசாரணைக்கு வேலை அதிகம். 1980-களில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டது. அதற்கு முன் வந்த வெப்லி அண்ட் ஸ்காட், கோல்ட், வால்தர் பிஸ்டல்களே கைக்குக் கை மாறுகின்றன. 9 மில்லிமீட்டர் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால், சாதாரண லைசென்ஸில் வரும் பிஸ்டல் பெரும்பாலும் .32. வால்தர் போன்ற ஐரோப்பியப் பிஸ்டல்களில் அதே அளவு 7.65 மி.மீ. என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்துக் குழலை மாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை.

மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறை காலி என்று உறுதி செய்த பிறகே மற்றதெல்லாம். அடுத்து, பூதக்கண்ணாடியோடு ஜன்னல் வெளிச்சத்தில் சோதனை முத்திரைகளைத் தேட வேண்டும். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் ஏற்பட்டது. வெப்லி பிஸ்டல்களில் அதன் கிரீடமும் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற ஆங்கில எழுத்துகளும் கடுகளவில் தெரியும். வால்தரில் கிரீடத்தின் கீழ் 'என்' இருந்தால் அது 1940-க்கு முந்தையது. கிரீடத்தின் இடத்தில் கழுகு இருந்தால் பிந்தையது. ஸ்லைடில் ஊர்ப்பெயர் ட்ஸெல்லா-மேலிஸ் என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது அல்ல. உல்ம் என்றிருந்தால் பிந்தையது.

அதிகம் பேசுவது வரிசை எண். கோல்ட் நிறுவனம் 1903 முதல் 1945 வரை செய்த .32 பாக்கெட் பிஸ்டல் இதற்கு நல்ல உதாரணம். எண் 72,000-க்குக் கீழே என்றால் குழல் 4 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் மூன்றே முக்கால். சுமார் 1,05,000-ஐத் தாண்டினால் குழல்முனையில் தனி வளையம் இருக்காது. சுமார் 4,68,000-க்குப் பிறகு, மேகசினைக் கழற்றினால் சுடாத பாதுகாப்பு அமைப்பு சேர்ந்திருக்கும். 60,000-ஐ ஒட்டிய எண்ணுள்ள பிஸ்டலில் மூன்றே முக்கால் அங்குலக் குழல் இருந்தால், பின்னால் மாற்றியிருக்கிறார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பூச்சில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தொழிற்சாலைக் கருநீலம் தேய்ந்திருந்தாலும், எழுத்துகளின் ஓரம் விரலில் நெருடும். பாலிஷ் போட்டு மறுபடி பூசியதில் எழுத்து மழுங்கி, திருகுத் துளையின் விளிம்பு கிண்ணம்போல் குழிந்து, சட்டத்தின் முனைகள் உருண்டிருக்கும். நிக்கல் முலாம் எழுத்துப் பள்ளத்தை நிரப்பியிருந்தால் அது பிற்காலத்து வேலை. பளபளப்பைக் காட்டி அதிக விலை கேட்பவர்கள் உண்டு. தேய்ந்த மூலப்பூச்சுக்கே மதிப்பு அதிகம். இதனாலேயே பழைய பிஸ்டலைப் பட்டறையில் கொடுத்துப் புதுப்பிப்பது பெரிய இழப்பு; போன விளிம்பை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கைப்பிடித் தகடு உடைந்து, உள்ளூர்த் தச்சர் செய்த மரம் ஏறியிருந்தால் அவ்வளவு கவலையில்லை. சரியான தகடு கிடைத்தால் மாட்டிக்கொள்ளலாம்.

பிறகு காகிதம். உதாரணத்துக்கு, சித்தூர்ப் பக்கத்துப் பிஸ்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்து 1953 வரை மதராஸோடு இருந்தது. அதனால் அது மதராஸ் கடையில் வாங்கியதாக இருக்கலாம். கடிகாரத்துக்குப் பெயர்போன மதராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்ற கடை. இப்படிப்பட்ட கடையின் ரசீதோ பெட்டியோ பிழைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4-இல். அதனால் இன்று திருப்பதியில் இருப்பவரின் பழைய லைசென்ஸில் சித்தூர் கலெக்டர் அலுவலக முத்திரை இருப்பது இயல்பே. அதில் எழுதியிருக்கும் எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம்கூடப் பிசகக் கூடாது. எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குற்றம். அழிந்த எண்ணோடு வரும் பிஸ்டலை, எவ்வளவு மலிவானாலும், தொடவே கூடாது.

கோல்ட் பிஸ்டலாக இருந்தால், எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கட்டணம் கட்டினால், நிறுவனத்தின் ஆவணப் பிரிவு பழைய ஏடுகளைப் பார்த்துக் கடிதம் தரும். அனுப்பிய நாள், வாங்கிய வியாபாரி, பூச்சு போன்ற விவரங்கள், ஏட்டில் இருக்கும் அளவுக்கு, அதில் வரும். தனியாருக்குள் கை மாறும்போது, மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். கடிதம் கேட்டு எழுதவும், முத்திரைகளை நிதானமாகப் பார்க்கவும் அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.