தேரைத் தேர்தல்

தேர் என்னும் சொல் பெயராய் நிற்கும்போது ஊர்தியைக் குறிக்கும். வினையாய் நிற்கும்போது ஆராய்ந்து கொள்ளுதலைக் குறிக்கும். ஊர்தி கொள்வோன் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்பதை நினைவூட்டத்தான் நம் மொழி இவ்விரண்டுக்கும் ஒரே ஒலியை வைத்ததோ என்று வகுப்பில் நான் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. மாணவர் நகைப்பர். ஆயினும் நாட்டுப்புற வழியில் நாள்தோறும் சென்று மீளவேண்டிய ஓர் ஆசிரியர், கையிலுள்ள சிறுபொருளைக்கொண்டு பழைய கார் ஒன்றை வாங்கப் புகும்போது, அஃது வேடிக்கையன்று. அவர் ஆராயாது வாங்குவாராயின் இழப்பது பணம் மாத்திரமன்று. சில வேளைகளில் ஒரு பள்ளிக்கூடம் தன் ஆசிரியரையே இழந்துவிடுகிறது.

இதனை விளக்கக் கிரான் என்னும் எம்மூரை எடுத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கி வருவோர் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி என்னும் ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தொலைவில் கிரானை அடைவர். இவ்வளவும் நல்ல தார் வீதி. ஆனால் கிரானிலிருந்து மேற்கே புலிபாய்ந்தகல் நோக்கித் திரும்பினால் வேறோர் உலகம் தொடங்குகிறது. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் அழகுற வழங்கினர். அப்படுவான்கரை வயலும் காடும் குளமும் நிறைந்த நிலம். மாரி முதிர்ந்து ஆறு பெருகிய காலங்களில் அவ்வீதி நீருள் மறைய, மக்கள் படகேறிக் கடந்ததைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்நீருக்கு அப்பாலும் பள்ளிக்கூடங்கள் உள, பிள்ளைகள் உளர்.

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928ஆம் ஆண்டிலாகும். பஸ் வண்டிகளும் பெருவீதியில் ஓடுகின்றன. ஆனால் இவை இரண்டும் பெருவழிக்கு உரியவை. பெருவழியிலிருந்து பிரிந்து உட்செல்வோருக்கு முழுத் துணை ஆகா. மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கோடையில் இன்பமாகச் செல்வர். மாரியிலோ, பிள்ளைகளின் கொப்பிக் கட்டு நனைய, தாமும் நனைந்து போய்ச் சேர்வர். நாற்பது வயதைக் கடந்தவர்க்கும், பெண் ஆசிரியைகளுக்கும், இருவர் மூவராய்ச் சேர்ந்து செல்வோர்க்கும் ஒரு சிறிய கார் இருக்குமாயின் அது ஆடம்பரப் பொருளன்று, தொழிற்கருவியாகும். அக்கருவி இல்லாதபோதும், இருந்தும் உதவாதபோதும், களைத்துப்போன ஆசிரியர் நகருக்கு இடமாற்றம் கேட்டு எழுதுகிறார். அவரைக் குறை கூறுதல் எளிது. அவர் வழியிலே ஒரு மாரி முழுதும் நடந்து பார்த்தவர் குறை கூறார்.

இனி, மலிவு என்பது யாது? ஒவ்வொரு பழைய காருக்கும் இரண்டு விலை உண்டு. விற்பவன் கையில் ஒரே நாளில் கொடுப்பது கொள்விலை; வாங்கியபின் திங்கள்தோறும் எரிபொருளாகவும் ரயராகவும் பழுதாகவும் கொடுத்துக்கொண்டே இருப்பது வைப்புவிலை. முன்னையது சிறிதாயின் நாம் மலிவு என்று மகிழ்கிறோம். பின்னையது பெரிதாயின் ஓராண்டுக்குள் அழுகிறோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலுக்கு அரண்மனையில் மற்றொரு தேர் இருந்திருக்கும். மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு உள்ளது ஒன்றே. அது வழியில் நின்றுவிட்டால் நாமும் நின்றோம்.

அதிலும், கொள்விலையை நம்பக்கூடாத காலம் ஒன்றை அண்மையிலே கடந்து வந்தோம். 2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் புதியன வாராமையால் பழையனவற்றின் விலை ஏறிற்று. வாங்கிய விலையினும் கூடிய விலைக்குத் தம் பழங்காரை விற்றோர் பலர். காரின் தகுதி உயர்ந்ததனால் வந்த விலையன்று அது. சந்தையின் வறட்சியால் வந்தது. ஆதலின் விலை உயர்ந்தது நன்று என்றோ, தாழ்ந்தது தீது என்றோ எண்ணுதல் ஆகாது.

வைப்புவிலையை 2022ஆம் ஆண்டு நமக்குத் தெளிவாகக் கற்பித்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய் ஆயிற்று. அடுத்து வந்த கியூ.ஆர். குறியீட்டுப் பங்கீட்டு முறையில் தொடக்கத்திலே காருக்கு வாரம் 20 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் கிடைத்தன. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கிரானிலிருந்து நகருக்குச் சென்று மீள ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வாரத்துக்கு ஐந்து நாளாயின் 250 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் பெரிய பழங்காருக்கு 25 லீற்றர் வேண்டும், பங்கீடு போதாது. 16 கிலோமீற்றர் ஓடும் சிறிய காருக்கு 16 லீற்றருக்குள் முடிந்தது. பங்கீட்டில் மிச்சமும் உண்டு. பணத்தால் நோக்கின், அன்றைய விலையில் முன்னையதற்கு வாரம் 11,750 ரூபாய். பின்னையதற்கு ஏறக்குறைய 7,350 ரூபாய். பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கியது. ஆனால் அக்கணக்கு நீங்கவில்லை. கார் பார்க்கப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் தத்தம் வழிக்கு இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது வழியும் பட்டறையும். நம் பகுதியிலே பழைய கார் தேடுவோர் கண்ணில் அடிக்கடி படுவது மாருதி 800. 1983 டிசெம்பர் முதல் 2014 வரை இந்தியாவில் செய்யப்பட்ட இக்கார் 796 கன சென்ரிமீற்றர் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினால் ஓடுவது; எடை குறைந்தது; நிலத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே ஏறக்குறைய 170 மில்லிமீற்றர் உயரம் உடையது. ஊர் மெக்கானிக் அதன் உட்பொருளை இலக்கணச் சூத்திரம் போல மனப்பாடமாக அறிவார். 2009இல் வெளிவந்து 2018இல் உற்பத்தி நின்றுபோன டாட்டா நானோவும் சிறிய செலவில் ஓடுவதே. 624 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பின்புறத்தில் அமைந்தது. எனினும் உற்பத்தி நின்ற காரை வாங்குவோர், உதிரிப்பாகம் அண்மையில் கிடைக்குமா என்று முதலில் விசாரித்தே ஆகவேண்டும். மின்கலமும் பெற்றோலும் கலந்து ஓடும் ஹைபிரிட் கார்கள் எரிபொருளை மிக மிச்சப்படுத்துவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை பழையனவாகும்போது பெரிய பற்றரி தளர்கிறது. அதனை மாற்றும் செலவு சிறிய காரொன்றின் விலையோடு போட்டியிடும். சிலவற்றில் அப்பற்றரி பின்னிருக்கையின் கீழே தாழ இருப்பதால் வெள்ள வழிக்கு உகந்ததன்று. நகருள் ஓடுவோர்க்கு நல்லது படுவான்கரைக்குப் போவோர்க்கும் நல்லதாகும் என்பது இல்லை.

இனிக் காரைப் பார்க்கும் முறை. கார் என்பது ஆங்கிலத்தில் வண்டி. தமிழிலோ அது மேகத்தையும் மழைக்காலத்தையும் குறிக்கும் பழஞ்சொல். முல்லைத்திணைக்குப் பெரும்பொழுது கார்காலமே. அத்திணைத் தலைவன் மழைக்காலத்திலேதான் பாகனை விரைந்து தேர் செலுத்தச் சொல்கிறான். ஆதலின் எம் பகுதியிலே கார் பார்க்க ஏற்ற காலம் மழைக்காலமே. மேற்கூரை ஒழுகுதலும், கதவின் இறப்பர் தளர்ந்திருத்தலும், துடைப்பான் நில்லாமையும், பிரேக் நனைந்தபின் பிடியாமையும் வெயிலில் தெரியமாட்டா.

கடலும் வாவியும் அருகே இருத்தலின் உப்புக் காற்று தகரத்தைத் தின்னும். வெளிப்பூச்சு பளபளவென்று இருப்பதைக் கண்டு மயங்காது, ஒரு சிறு காந்தத்தைத் துணியிற் சுற்றிக் கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்க. ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை. பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்க. நாம் வருமுன்னே சூடாக்கி வைத்திருப்பின், குளிரில் அது புறப்படத் தயங்கும் என்பதை ஒளிக்கிறார்கள் எனக் கொள்க. நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். கரும்புகை பெற்றோல் மிகுதியாகச் செல்வதன் அடையாளம். எஞ்சின் சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதன் அடையாளம். எண்ணெய் மூடியின் அடியில் பாலாடை போன்ற படிவு இருப்பினும் எண்ணெயில் நீர் கலந்ததோ என்று ஐயுறல் வேண்டும். ரயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதாகும்.

வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரை அறிதல் தனிக் கலை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பும், 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலால் நாட்டின் பல பாகமும் வெள்ளத்துள் ஆழ்ந்தன. அத்தகைய காலங்களுக்குப் பின்னர் சந்தைக்கு வரும் கார்களை இருமுறை பார்த்தல் தகும். என்னுடன் கற்பித்த இளைஞர் ஒருவருக்குப் படுவான்கரைப் பள்ளியொன்றில் நியமனம். “ஐயா, நீங்களும் வந்து ஒருக்காப் பாருங்கோ” என்று அவர் அழைக்க, ஊர் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனோம். தரகர், “டொக்டர் ஒருவர் ஓடின கார், ஐயா, கீறல்கூட இல்லை” என்றார். கார் மணமகன்போல் நின்றது. உள்ளே நறுமணமும் கமழ்ந்தது. மெக்கானிக் ஒன்றும் பேசாது இருக்கைப் பட்டியை முடிவுவரை இழுத்தார். ஒரு முழத்துக்கு அப்பால் பட்டி மண்ணிறமாய் இருந்தது. கம்பளத்தைத் தூக்கினார், இருக்கையின் ஆணிகள் துருவேறிக் கிடந்தன. “தண்ணி குடிச்ச கார், ஐயா” என்ற நான்கு சொல்லோடு அவர் தீர்ப்பு முடிந்தது. நறுமணத்தின் காரணமும் அப்போது விளங்கிற்று.

பின்னர் அவ்விளைஞர் வாங்கியது இருக்கைத் துணி கிழிந்த, நிறம் மங்கிய ஒரு சிறிய கார். கேட்ட விலையிலும் குறைந்தே கிடைத்தது. மிச்சப்பட்ட பணத்தில் நான்கு ரயரும், டைமிங் பெல்ட்டும், பிரேக்கும் மாற்றினார். நீர் பெருகும் நாட்களில் காரைக் கிரானிலே மேட்டுநிலத்தில் விட்டுவிட்டுப் படகேறிச் செல்கிறார். ஆழம் அறியாத நீருள் காரை இறக்கக்கூடாது என்பதை மெக்கானிக் அவருக்குச் சொல்லியிருந்தார். காற்று புகும் வழியால் நீர் புகுந்தால், காற்றைப்போல நீர் அமுங்காது. எஞ்சினின் தண்டே வளைந்துவிடும். நீரில் நின்றுபோன காரை மீண்டும் முடுக்குதல் அதனைக் கொல்லுதலாகும். அவர் எழுதி வைத்திருந்த இடமாற்ற விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை.

கார் நன்றாயிருந்தாலும் கடதாசி நன்றாயிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் காரில் உள்ளனவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெண்ணிப் பார்க்க. பதிவு செய்த ஆண்டு வேறு, உற்பத்தி ஆண்டு வேறு, இரண்டையும் நோக்குக. குத்தகைக் கடன் நிறுவனத்தின் உரிமை நீக்கப்படாதிருப்பின், கடன்காரன் காரை நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம் என்பதே பொருள். திகதி இடாது கையொப்பம் மட்டும் வைத்த மாற்றப் படிவங்களோடு கார் பல கைகள் மாறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது எளிதாய்த் தோன்றினும், விபத்து நேர்ந்தால் சட்டத்தின் முன் உரியவர் யார் என்னும் வழக்காகிவிடும். உடனே நம் பெயருக்கு மாற்றுதலே முறை. புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்க.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வைத்து, அதனை அடுத்தே தெரிந்து வினையாடல் என மற்றோர் அதிகாரமும் வைத்தார். ஆராய்ந்து தேர்தல் முதற்படி; தேர்ந்ததை அறிந்து ஆளுதல் இரண்டாம் படி. அரசன் அமைச்சரைக் கொள்வதற்கு வகுத்த இம்முறை காருக்கும் பொருந்தும். கையிலுள்ள பணம் முழுவதையும் கொள்விலையாகக் கொடுத்துவிடாது, ஐந்தில் ஒரு பங்கேனும் முதலாண்டுப் பழுதுக்கென ஒதுக்குதல் நன்று. வாரம் ஒருமுறை எண்ணெயும் நீரும் காற்றும் பார்த்தலும், உப்பும் சேறும் படிந்த அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதலும் ஆளுதலாகும். அண்டை வீட்டு ஆசிரியர் இருவரை உடன் ஏற்றிச் சென்று எரிபொருட் செலவைப் பகிர்தலும் அதனுள் அடங்கும்.

நம் காரைக் கண்டு தெருவில் உள்ளோர் வியவாதிருக்கலாம். அதனால் யாதொரு குறைவும் இல்லை. மழை பெய்யும் திங்கட்கிழமை காலையில், முதல் மணி அடிக்குமுன் ஆசிரியரை வகுப்புவாயிலிலோ படகுத்துறையிலோ சேர்த்துவிடும் காரே நல்ல கார். வாங்குவோர் அந்தத் திங்கட்கிழமையை மனத்தில் வைத்துத் தேர்வாராக.