ஆப்பிளும் அளவுப் பெட்டியும்

சேரப்பணஞ்சேரியில் ஆப்பிள் விளைவதில்லை. ஏழு பாகைக்குக் குறைந்த குளிரை ஆயிரம் மணி நேரமளவு பெற்றால்தான் பெரும்பாலான ஆப்பிள் மரங்கள் ஒழுங்காகப் பூக்கும். நமது மார்கழிப் பனி அதற்குப் போதாது. ஆயினும், ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து திரும்புவோரை எதிர்நோக்கும் பழவண்டிகளில் ஆப்பிளுக்கு என்றும் இடமுண்டு. பழத்தில் ஒட்டிய சிறு சீட்டைக் கண்டதும் அயல்நாட்டுச் சரக்கு என்றெண்ணிக் கூடுதல் விலை தருவோர் பலர். சீட்டு ஒட்டியதெல்லாம் கடல் கடந்து வந்ததன்று. விசைத்தறிச் சேலை கைத்தறியென விலைபோவதைக் கண்டுள்ள நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிதுமன்று.

நம் நாட்டில் ஆண்டொன்றுக்குச் சுமார் 25 லட்சம் டன் ஆப்பிள் விளைகிறது. அதில் பெரும்பகுதி காஷ்மீரத்தினுடையது, அடுத்தது இமாசலம். அங்கே கோட்கட் மலைப்பகுதியில் 1916 ஆம் ஆண்டளவில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் ஊன்றிய கன்றுகளே பிற்காலப் பெருந்தோட்டங்களுக்கு வித்தாயின. அதே அமெரிக்காவின் பழம் இன்று அத்தோட்டங்களுக்குப் போட்டியாக வருவது விந்தையே.

இறக்குமதிப் பழத்தைத் தடுக்கச் சர்க்கார் 50 சதவீதத் தீர்வை விதித்திருந்தது. 2019 இல் அமெரிக்கப் பழத்துக்கு மேலும் 20 சதவீதம் கூட்டப்பட்டு, 2023 இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், துறைமுகம் சேரும்போது கிலோ 50 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள ஆப்பிளை இறக்குமதி செய்யலாகாது என்ற ஆணையும் பிறந்தது. பூட்டானுக்கு மட்டும் விலக்கு.

தீர்வை வேண்டியதே. ஆனால் விளைவிப்போன் இழப்பது துறைமுகத்தில் மட்டுமன்று; தன் ஊர் மண்டியிலும்தான். இமாசலத்தில் நெடுங்காலம் பெட்டிக் கணக்கில் பழம் விற்றனர். ஒன்றன்மேல் ஒன்று கவிழும் இரட்டை அட்டைப்பெட்டியை மேலே இழுத்தால் கொள்ளளவு பெருகும். இருபது கிலோ கொள்ளவேண்டிய பெட்டியில் முப்பதுக்கு மேலும் திணிக்கச் செய்து, ஒரு பெட்டிக்குரிய விலையையே கொடுத்தனர். அடுக்கில் நசுங்கிய பழத்தின் நஷ்டமும் தோட்டக்காரன் தலையில்தான். மரத்துக்கு மருந்தடிக்கக் கற்ற நாம் தராசைக் கேட்டுப் பெற இத்தனை காலம் ஆயிற்றே! தோட்டக்காரர்களின் நீண்ட முறையீட்டுக்குப் பிறகு, 2023 இல் எடைக்கு விற்கும் விதி வந்தது; 2024 பருவத்தில், இழுத்து நீட்டவியலாத ஒரே அளவுப் பெட்டி கட்டாயமாயிற்று.

மற்றொன்று கிடங்கு. இமாசலப் பழம் ஆடியில் தொடங்கி, காஷ்மீரப் பழம் ஐப்பசி, கார்த்திகை வரை ஒருங்கே சந்தையில் குவிகிறது, விலை வீழ்கிறது. நியூசிலாந்து, சிலி நாடுகளிலோ நம் மாசி முதல் சித்திரை வரை அறுவடை. நம் புதுப்பழம் இல்லாத கோடையில் அவர்கள் சரக்கு வந்திறங்குகிறது. பிராணவாயுவைக் குறைத்து, குளிர்நிலையை நிறுத்தும் கிடங்கிருந்தால் நம் பழமும் பல மாதம் கெடாது. புல்வாமா மாவட்டத்து லாசிபுராவில் இத்தகைய கிடங்குகள் பல உள. ஆனால் அறுவடைக் கடனை அடைக்க உடனே விற்பவனுக்குக் கோடை விலை கிட்டுவதில்லை. வாங்கிச் சேமித்தவனுக்கே அது கிட்டும்.

2025 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டபோது, லாரிகளிலேயே பழம் அழுகிற்று. பின்னரே பட்காமிலிருந்து டில்லிக்குப் பழமேற்றிய சரக்கு ரயில் புறப்பட்டது.