செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய மலையூர்!

கொடைக்கானலைத் தெரியாதவர் உண்டா? ஏரி, படகு, குதிரைச் சவாரி என்று புதுமணத் தம்பதிகள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை போய் வருகிறார்கள். ஆனால் கொடைக்கானலுக்கு மூத்த ஊர் ஒன்று அதன் காலடியிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயர் வெள்ளகெவி.

சில ஆண்டுகளுக்கு முன் கோரமண்டலிலிருந்து நண்பர்கள் மூவர் புறப்பட்டோம். தினமும் விடியற்காலையில் பெங்களூருக்கு ரயில் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். நான்கு நாள் விடுமுறை கிடைத்ததே பெரிது. பங்காருப்பேட்டை போய், சேலம், திண்டுக்கல் வழியாகக் கொடைரோட்டில் இறங்கி, பஸ்ஸில் மலையேறினோம்.

மறுநாள் காலை வட்டக்கானலிலிருந்து நடை. ‘டால்பின் மூக்கு’ என்ற பாறை வரையில் சுற்றுலாக் கூட்டம். அதைத் தாண்டினால் ஆள் அரவம் இல்லை. மரவேர்களும் கற்களுமே படிக்கட்டு. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளம். எதிரே அரிசி மூட்டை சுமந்து வரும் குதிரைகளுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். இறங்கும்போதே எங்கள் முழங்கால்கள் கெஞ்சின. தலைச்சுமையோடு ஏறி வந்த பெண்களோ சிரித்துப் பேசியபடியே எங்களைக் கடந்து போனார்கள்!

ஊரே கோயில்

ஊர் எல்லை வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இல்லை. வீட்டுக்கு வீடு நடுவே கோயில், கோயிலுக்குக் கோயில் நடுவே வீடு. சாமி குடியிருக்கும் மண்ணில் செருப்புக் கால் படக்கூடாது என்பது கட்டுப்பாடு. நாங்களும் பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

குறுகலான சந்துகள். ஒன்றை ஒன்று ஒட்டிய வீடுகள். ஊரைச் சுற்றிக் காப்பி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்கள். விளைந்ததை விற்கவும் மலை ஏற வேண்டும். உப்பு, புளி வாங்கவும் மலை ஏற வேண்டும்.

திண்ணையில் இருந்த பாட்டி ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

“எந்த ஊருப்பா?”

“கோலார் தங்கவயல், பாட்டி.”

“தங்கம் எடுக்கிற ஊரா? அப்ப நல்லா வசதியா இருப்பீகளே!”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுரங்கம் மூடிய கதையைப் பாட்டிக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

டோலியின் கதை

1821-ம் ஆண்டில் லெப்டினென்ட் வார்டு என்ற ஆங்கிலேயர் பழனி மலையை அளக்க வந்தார். அப்போது அவர் தங்கிய இடம் இந்த வெள்ளகெவிதான். குன்னுவர் என்ற மலைக்குடி மக்களின் ஊர் அது. கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்று குன்னுவர்கள் தங்கள் பூர்வீகம் சொல்வதுண்டு. ஆக, அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே!

வார்டு இங்கிருந்து மேலே ஏறிப் போய்த்தான் பிற்காலத்தில் கொடைக்கானல் எழுந்த இடத்தை அளந்தார். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே பங்களா கட்டினார்கள். 1863-ல் ஏரி உருவாயிற்று. வெயில் தாங்காத துரைமார்களும் துரைசானிகளும் கோடைதோறும் வந்தார்கள். எப்படி வந்தார்கள்? பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதன் பிறகு சிலர் குதிரையில், பலர் கூலியாட்களின் தோளில்!

1916-ல் மோட்டார் சாலை திறந்தது. துரைமார்களின் டோலிப் பயணம் முடிந்தது. ஆனால் வெள்ளகெவியின் டோலி நிற்கவில்லை. யாருக்காவது பாம்பு கடித்தாலோ, பிரசவ வலி கண்டாலோ, கம்பில் துணி கட்டி நோயாளியைக் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து மலையேற்ற வேண்டும். நாங்கள் போனபோதும் ஊருக்குச் சாலை இல்லை. சாலை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

பார்க்க வருகிறவர்கள்

“சாலை வந்தால் இந்த அழகு கெட்டுவிடுமே!” என்றார் எங்களோடு இறங்கி வந்த சென்னைப் பயணி ஒருவர். அங்கிருந்த இளைஞர் அமைதியாகச் சொன்னார்: “நீங்க ஒரு நாள் நடந்துட்டுப் போயிருவீக சார். எங்க அம்மாவை நான் தூக்கிட்டு ஏறணும்.”

இத்தாலியில் சிவிட்டா என்று ஒரு பழைய குன்றூர் உண்டு. 2500 ஆண்டுப் பழமை. மண் சரிந்து சரிந்து, குன்றின் உச்சி மட்டும் மிஞ்சி நிற்கிறது. உள்ளே போக ஒரே வழி, 1965-ல் கட்டிய நடைபாலம். குடியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பார்க்க வரும் கூட்டமோ ஏராளம். 2013 முதல் நுழைவுக் கட்டணம்கூட வசூலித்தார்கள்! ஊர் பிழைத்திருக்கிறது, ஊரார் போய்விட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் நம் சுரங்கங்களிலும் இத்தாலியர் வேலை பார்த்தார்கள் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. பிறந்த மண்ணைவிட்டுப் பிழைக்கப் போவது எல்லா நாட்டிலும் ஒரே கதைதான்.

நமக்கும் இது புரியும். வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் முன்னோர் சாம்பியன் சுரங்கத்தில் 10 ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கினார்கள். கொடைக்கானலின் உயரமே சுமார் 7 ஆயிரம் அடிதான்! 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. துருப்பிடித்த ஷாப்டையும் சயனைடு மண் மேட்டையும் படம் பிடிக்க வெளியூரார் வருகிறார்கள். “ஆகா, என்ன காட்சி!” என்கிறார்கள். லைன் வீட்டின் ஒழுகும் கூரை அவர்கள் படத்தில் விழுவதில்லை.

பழைய ஊர் என்றால் அழகுதான். ஆனால் அந்த அழகைக் காப்பதற்காக அங்கே வாழ்கிறவர்கள் கஷ்டப்பட வேண்டும் என்பது நியாயமா? செருப்பைக் கழற்றும் வழக்கத்தை வெள்ளகெவி மக்கள் தாங்களே விரும்பிக் காக்கிறார்கள். டோலியை அவர்கள் விரும்பிச் சுமக்கவில்லை. இந்த வேற்றுமையைப் புரிந்துகொண்டு போகிறவரே நல்ல விருந்தாளி.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ பல உயிர்களைப் பலி கொண்டது. அதன் பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. வனத்துறையிடம் முன்னதாகவே அனுமதி கேளுங்கள், கோடையில் போகாதீர்கள். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.