மெதுவாகப் போனால்தான் ஆபத்து

அணு ஏவுகணையை ரயிலில் ஏற்றிவிட்டால் எதிரியால் குறிவைக்க முடியாது. 1986 டிசம்பரில் ரீகன் அரசு அறிவித்த திட்டம் இதுதான்: 25 ரயில்கள், ஒவ்வொன்றிலும் 2 பீஸ்கீப்பர். சாதாரண நாளில் விமானப்படைத் தளத்துக்குள் நிற்கும்; நெருக்கடி வந்தால் சரக்கு ரயில்கள் ஓடும் பொதுப் பாதையில் கலந்துவிடும்.

ஏவுகணை மட்டுமே சுமார் 88 டன். இதைச் சுமந்துகொண்டு பெட்டி ஊருக்கு நடுவில் கவிழ்ந்தால்? மாதிரிப் பெட்டியை கொலராடோவின் பியூப்லோ ரயில் சோதனை மையத்தில் ஓட்டிப் பார்த்தார்கள்.

நான் நினைத்தது, வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள் என்று. ஆனா கனமான, உயரமான பெட்டிக்கு மணிக்கு 25, 30 கி.மீ. வேகம்தான் வில்லங்கம். அமெரிக்காவின் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றின் நீளம் 39 அடி. இடது மூட்டும் வலது மூட்டும் நேருக்கு நேர் வராது, மாறி மாறி வரும். மூட்டு அமுங்கியிருந்தால் பெட்டி ஒருமுறை இடதுபக்கம் சாயும், அடுத்து வலதுபக்கம். இந்தத் தாளம் பெட்டியின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போச்சுன்னா, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற கதைதான். சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் அடங்கிவிடும் என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்க ரயில் பெட்டிகளுக்கு இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. மூட்டுகளை வேண்டுமென்றே முக்கால் அங்குலம் ஏற்றி இறக்கி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பார்கள். நிற்கும்போது இருக்கும் எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தேறாது.

1991இல் புஷ் திட்டத்தையே ரத்து செய்தார். அந்த மாதிரிப் பெட்டி இப்போது ஒஹாயோ மாநிலம் டேட்டனில், விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.